பெயர் நல்லிணக்கப் பேரவையும் எட்டு முனிசாமிகளும்

என் மனைவி உம்மு சல்மா நான்கு வருடங்களுக்கு முன்பு ஒரே நிமிடத்தில் ஒரு பெயர் வைத்தாள். அது அவளுக்குச் சொந்தமா என்று விசாரிக்கப் பன்னிரண்டு பேர் குளுகுளு அறையில் இரண்டு நாள் உட்கார்ந்தார்கள். நடுவில் கடலுக்கும் போய் வந்தார்கள். போனது தாங்களாக, வந்தது முனிசாமிகளின் தோளில். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதை மட்டும் முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

என் பெயர் ஹுசைன். திருவிடந்தையில் ஈசிஆர் கடற்கரைச் சாலை ஓரமாகச் செல்போன் கடை வைத்திருக்கிறோம். நான் கவர் விற்பேன், கண்ணாடி ஒட்டுவேன். போனைப் பிரித்துப் பார்க்கிற வேலையெல்லாம் சல்மாவுடையது. கடல் தண்ணீர் குடித்துச் செத்த போன்களைத் தூக்கிக்கொண்டு மீனவர்கள் அவளிடம்தான் வருவார்கள். வந்தவர்களெல்லாம் "காத்து எப்டி, அலை எப்டி, நாளைக்கு எறங்கலாமா, கொஞ்சம் நெட்ல பார்த்து சொல்லும்மா" என்று கேட்டுக் கேட்டு, பொறுக்க முடியாமல் அவளே போனுக்கு ஒரு மென்பொருள் எழுதினாள். அது ஓர் இணையப் பக்கத்திலிருந்து காற்றையும் அலையையும் எடுத்து, பெரிய எழுத்தில் 'போகலாம்' என்றோ 'போகாதே' என்றோ காட்டும்; அடியில் உதவிக்கு அவளுடைய போன் எண் இருக்கும். அவ்வளவுதான். பெயர் என்ன என்று படிவம் கேட்டபோது, கடை வாசலில் மீன் விற்கும் எல்லம்மாளின் கூடையில் நண்டு இருந்தது. 'நண்டு' என்று தட்டினாள். அன்றைக்குக் கூடையில் இறால் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கதை இல்லை.

நண்டு ஒரு கட்டற்ற மென்பொருள். அதாவது, எழுதியவர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியையும் ஊருக்கே திறந்து வைத்துவிடுவார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், தம்முடையதில் சேர்க்கலாம். கேட்பாரில்லை. எல்லாமே எல்லோருக்கும் பொது என்றான பிறகு மனிதன் சண்டை போட ஏதாவது வேண்டுமல்லவா? அதற்காகப் பெயரை மட்டும் மிச்சம் வைத்திருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட மென்பொருள்களைப் போட்டு வைக்க இணையத்தில் ஒரு பொதுக் கிடங்கு உண்டு. சல்மா அங்கே ஒரு திருத்தம் போட்டால், போன்கள் 'நண்டு' என்ற பெயரைத் தேடிப் போய்த் தாமாகவே எடுத்துக்கொள்ளும். கோவளத்திலிருந்து மரக்காணம் வரை அறுநூறு படகுக்காரர்களின் போனில் நண்டு இருந்தது. அதில் ஐந்நூற்றுச் சொச்சம் பேரின் முகம் எங்களுக்குத் தெரியாது.

போன ஐப்பசியில் அந்தக் காற்றுப் பக்கத்தை யாரோ அழகுபடுத்தினார்கள். கட்டங்கள் இடம் மாறின. நண்டுக்குப் படிக்கத் தெரியாமல் போய், பழைய கணக்கையே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. காற்று மணிக்கு எட்டு கிலோமீட்டர், அலை அரை மீட்டர், போகலாம். மறுநாளும் போகலாம். அதற்கு மறுநாளும் போகலாம். சல்மா கோளாறைக் கண்டுபிடித்து, ஒரே ஒரு வரியைத் திருத்தி, திங்கட்கிழமை காலை கிடங்கில் போடப் போனாள். கிடங்கு கதவைத் திறக்கவில்லை. 'இந்தப் பெயர் தகராறில் உள்ளது. தீர்ப்பு வரும்வரை வெளியீடு நிறுத்திவைக்கப்படுகிறது. இங்ஙனம், அனைத்துலகக் கட்டற்ற மென்பொருள் பெயர் நல்லிணக்கப் பேரவை' என்று ஒரு பலகை தொங்கியது. இவ்வளவு நீளமாகப் பெயர் வைத்துக்கொண்டால் யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள் என்று அப்போதே நினைத்தேன்.

"வேற பேர்ல போட்டுடேன்" என்றேன்.

"பேரை மாத்தினா பழைய போன் எதுக்கும் தெரியாது மச்சான். அது நண்டு நண்டுன்னு தேடிகினே நிக்கும். போவலாம் போவலாம்னு சொல்லிகினே இருக்கும்."

"எல்லாருக்கும் வாட்ஸப்புல சொல்லிடு."

"நம்ம ஊருக்கு எல்லம்மாக்கா ஒரு சத்தம் போட்டா போதும். சதுரங்கப்பட்டினத்துல யாரு, கூவத்தூர்ல யாருன்னு நமக்கு இன்னா தெரியும்? வியாழக்கிழமை காத்து அம்பதைத் தாண்டுதாம் மச்சான். புதன்கிழமை சாயங்காலத்துக்குள்ள இது போயாவணும். அவுங்க விடியறதுக்கு முன்னாடி எறங்கிடுவாங்க."

முகம் தெரியாத ஐந்நூறு பேரும் அவள் பேச்சை நம்பிப் படகைத் தள்ளப்போகிறார்கள். அவள் சொல்லாத பேச்சு, அவள் பெயரில்.

அந்தப் பேரவையின் ஆண்டுக் கூட்டம் எங்கள் கடையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், கடற்கரை விடுதி ஒன்றில், செவ்வாயும் புதனும் நடக்கிறது என்று அன்று மதியம் தெரிந்தது. அல்லா வழி காட்டிவிட்டான் என்று நினைத்தேன். அல்லாவைக் குறை சொல்லமாட்டேன். நான்தான் அவசரப்பட்டு நினைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை விடுதி வாசலில் பேரவையின் செயலாளர் சிநேகா மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். உள்ளே போக அட்டை வேண்டும், அட்டையில் பெயர் வேண்டும். சல்மாவுக்கு உடனே கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. சமையல் காண்டிராக்டரும் ஒரு ஹுசைனாம். காலை ஆறு மணிக்கே அட்டை வாங்கிவிட்டாராம்.

"உங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்றார் சிநேகா.

நான் போய்ப் பேசினேன். அந்த ஹுசைன் பாய் பிரியாணிச் சட்டியைக் கிளறியபடி, "எனக்கு அட்டையே வாணாம் பாய், நீயே வெச்சிக்க" என்று கழற்றிக் கொடுத்தார். அது விதிமீறல் என்று சிநேகா அதைப் பிடுங்கி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்கு 'ஹுசைன்-2' என்று அச்சடித்தார்.

"உங்கள் திட்டத்தை எத்தனை பேர் பராமரிக்கிறீர்கள்?"

"நான் மட்டும்தாங்க" என்றாள் சல்மா.

சிநேகாவின் முகம் வாடியது. "அப்படியானால் மனு செல்லாது. உங்களைப் பேருந்து மோதிவிட்டால் நண்டை யார் பார்த்துக்கொள்வார்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எந்த பஸ்ஸும்மா?"

"எந்தப் பேருந்தாக இருந்தாலும். விதியில் அப்படித்தான் இருக்கிறது."

"மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸெல்லாம் இந்தப் பக்கம் வர்றதில்லையே."

"ஐயா, ஒரு பேச்சுக்கு மோதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்."

"நான் இன்னாத்துக்கும்மா வெச்சிக்கணும்?"

சல்மா என் காலை மிதித்தாள். கடைசியில் என்னையே துணைப் பராமரிப்பாளராக்கினார்கள். சல்மாவைப் பேருந்து மோதிய அடுத்த நிமிடம் துக்கம் காக்காமல் மென்பொருள் எழுத உட்காருவேன் என்று கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மென்பொருள் சைபர். அதைக் கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.

உள்ளே பன்னிரண்டு உறுப்பினர்கள். அவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் வாயைத் திறந்தாலும் முதலில் 'இது என் தனிப்பட்ட கருத்து, என் நிறுவனத்தின் கருத்தல்ல' என்று சொல்லியாக வேண்டும். அதை மறந்தால் பேசியது குறிப்பில் ஏறாது. மத்தியானச் சாப்பாட்டில் ஒருவர் "இது என் தனிப்பட்ட கருத்து, தயிர்ச்சட்னி இன்னும் கொஞ்சம்" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். ஓட்டுப் போடுவதென்றால் ஒரு விரலைத் தூக்கி 'கூட்டல் ஒன்று' என்பார்கள். வேண்டாம் என்றால் 'கழித்தல் ஒன்று'. தெரியாது என்றால் 'கூட்டல் பூஜ்யம்'. தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை என்றால் 'கழித்தல் பூஜ்யம்'. அதிகம் விழுந்தது கடைசி ஓட்டுதான்.

தலைவர் ரஞ்சித்குமார் எழுந்தார். வழவழவென்று சீவிய தலை, கழுத்தில் மூன்று அட்டை.

"நண்பர்களே! இது என் தனிப்பட்ட கருத்து. மென்பொருள் இருந்தால்தானே பெயர் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு என் வாழ்க்கையையே பதிலாக வைக்கிறேன். பதினொரு ஆண்டுகளாக நான் இந்தத் துறையில் இருக்கிறேன். ஒரு வரி எழுதியதில்லை. ஆனால் என் பெயர் தெரியாதவர் உண்டா?"

கைதட்டல்.

"சென்ற ஆண்டு நாம் நானூறு தகராறுகளை விசாரித்தோம். அவற்றில் முந்நூற்றெண்பது, நாம் நோட்டீஸ் அனுப்பும் வரை தகராறு என்று சம்பந்தப்பட்டவர்களுக்கே தெரியாது. அந்த அறியாமையை நாம் நீக்கினோம். இந்த ஆண்டு ஐந்நூறு!"

மறுபடியும் கைதட்டல். சல்மா கையைத் தூக்கினாள். அவளுடைய முறை புதன்கிழமை என்றார்கள். செவ்வாய்க்கிழமை முழுக்க, சென்ற ஆண்டுக் கூட்டக் குறிப்பை ஏற்பதா, ஏற்றதாக எடுத்துக்கொள்வதா என்று விவாதம் நடந்தது. கடைசியில் எடுத்துக்கொள்வதாக ஏற்றார்கள்.

புதன்கிழமை காலை எதிர்த்தரப்பு வந்தது. ஆனந்தன் என்று பெயர். பெங்களூரில் வேலை. கெட்டவர் என்று சொல்லமாட்டேன், பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தார். அவருடைய திட்டத்துக்கும் நண்டு என்றுதான் பெயர்.

"நண்டு என்பது சட்டகங்களைக் கட்டுவதற்கான சட்டகத்தைக் கட்ட உதவும் ஒரு சட்டகம்" என்றார்.

"அது இன்னாங்க பண்ணும்?" என்று சல்மா கேட்டாள்.

"அதை இன்னும் முடிவு பண்ணலைங்க மேடம்."

முடிவானவற்றைக் காட்டினார். மூக்குக் கண்ணாடி போட்ட நண்டுப் படம் ஒன்று. தொண்ணூற்று நான்கு பக்கத்தில் நிர்வாக விதிகள். பங்களிப்பவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி மரியாதையாக நடத்த வேண்டும் என்று ஒரு நூல். பங்களிப்பவர் அவர் ஒருவர்தான் என்பதால் தம்மைத் தாமே மரியாதையாக நடத்தி வந்திருக்கிறார். ஆறு டி-சர்ட். மென்பொருள் எங்கே என்று கேட்டதற்கு அது அடுத்த கட்டம் என்றார். ஆனால் 'பெயரிடும் எண்ணம்' என்ற படிவத்தை ஐந்து வருடம் முன்பே போட்டிருந்தார். பன்னிரண்டு தலைகளும் ஆடின.

சல்மா எழுந்தாள். முதல் நாளே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "இது என் தனிப்பட்ட கருத்துங்க. எனக்குப் பேரே வாணாம். அவரே வெச்சிக்கட்டும். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள ஒரே ஒரு வரி போட விடுங்க. நாளைக்குக் காத்து அம்பது. அறுநூறு படகு. போன் போவலாம்னு சொல்லுது."

ரஞ்சித்குமார் கனிவோடு கேட்டுக்கொண்டார். "அம்மா, உங்கள் மென்பொருளை மக்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதைப் பேரவை மறுக்கவில்லை. அது இந்த வழக்கில் பொருத்தமில்லாத தகவல், அவ்வளவுதான். மேலும், பெயரைத் துறக்க வேண்டுமானால் முதலில் அது உங்களுடையது என்று நிரூபிக்க வேண்டும். சாட்சி இருக்கிறதா?"

சாட்சி வெளியே கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். எல்லம்மாள் ஐம்பது வருடமாக அந்தக் கரையில் இருப்பவள். அந்தக் குப்பத்தில் அவள் சத்தத்துக்கு அடுத்தபடிதான் அலைச் சத்தம். அட்டையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நாலு வர்சமா இந்தப் பொண்ணு நண்டுதான் எங்களுக்கு. அதுல சொன்னா போவோம், வாணாம்னா வூட்ல இருப்போம். இதுல இன்னா பஞ்சாயத்து?"

"இன்னொரு நண்டும் இருக்கிறது. ஒரே பெயரில் இரண்டு இருந்தால் குழப்பம் வராதா?" என்று கேட்டார் சிநேகா.

"இன்னாத்துக்கு வரும்? எங்க குப்பத்துல எட்டு முனிசாமி கீறாங்க. ஒரு நாளும் கொயப்பம் வந்ததில்ல."

யாரோ ஒருவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"எட்டா?" என்றார் ரஞ்சித்குமார்.

"ஆமா. மீசை முனிசாமி, ஐஸு முனிசாமி, துபாய் முனிசாமி, பெயின்ட்டு முனிசாமி, ஹார்பர் முனிசாமி, ரெண்டு வூட்டு முனிசாமி, சின்ன முனிசாமி, அப்பால வெறும் முனிசாமி."

"வெறும் முனிசாமி என்றால்?"

"அவனாண்ட விசேசம் ஒண்ணுமில்ல."

"இந்த அடைமொழிகளை யார் ஒப்புதலில் வைத்தீர்கள்?"

"யாரும் வெக்கல. அதுவா வந்து ஒட்டிகிச்சு."

உறுப்பினர் ஒருவர் அவசரமாகக் கணக்குப் போட்டார். ஒவ்வொரு முனிசாமியும் மற்ற ஏழு முனிசாமிகளோடு மோதுவதால், மொத்தம் இருபத்தெட்டு மோதல்கள். ரஞ்சித்குமார் எழுந்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பாவனை இல்லை, நிஜமாகவே.

"நண்பர்களே, நாம் உலகமெல்லாம் தகராறு தேடி அலைகிறோம். நம் காலடி மணலில், ஒரு படிவம்கூட இல்லாமல், இருபத்தெட்டு மோதல்கள்! இந்த மக்கள் அதைத் தகராறு என்றுகூட உணராமல் நிம்மதியாக வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள். இந்த அவலத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதா?"

"சார், நண்டு..." என்றாள் சல்மா.

"நண்டு ஒரு மோதல். இங்கே இருபத்தெட்டு. கணக்குத் தெரிந்தவர் நீங்கள்."

பன்னிரண்டு கூட்டல் ஒன்று விழுந்தது. அந்த இரண்டு நாளில் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான். விடுதிச் சுவருக்கு அந்தப் பக்கம் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த எட்டு முனிசாமிகளையும் அழைத்தார்கள். பிரியாணி உண்டு என்றதும் எட்டுப் பேரும் வந்தார்கள்.

மென்பொருளுக்கு எண் கொடுப்பதுபோல மனிதனுக்கும் எண் கொடுத்தால் தீர்ந்தது என்று முடிவாகி, ஆளுக்கோர் அட்டை மாட்டினார்கள். ஐஸ் முனிசாமி 'முனிசாமி 4.2, நிலையான பதிப்பு'. அவர் அந்த அட்டையை இன்றுவரை கழற்றவில்லை. துபாய் முனிசாமி 'நீண்டகால ஆதரவு உள்ளது'. இருப்பதிலேயே இளையவரான பெயின்ட் முனிசாமி 'சோதனைப் பதிப்பு, பயன்படுத்துபவர் தம் பொறுப்பில் பயன்படுத்தவும்'. போன மாதம்தான் அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. ரெண்டு வீட்டு முனிசாமிக்கு 'கிளை பிரிந்தது' என்று எழுதினார்கள். அது ஒன்று மட்டும் சரிதான் என்று எல்லம்மாள் ஒத்துக்கொண்டாள். வெறும் முனிசாமியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லாததால் அவரை நிலுவையில் வைத்தார்கள். அவர் நிலுவையிலேயே மூன்றாவது தட்டு பிரியாணி சாப்பிட்டார்.

சின்ன முனிசாமிக்கு எழுபத்தொரு வயது. அட்டையை என்னிடம் நீட்டினார். "இன்னா எழுதிகீது நைனா?"

"முனிசாமி 1.0. ஆதரவு முடிந்தது."

"முடிஞ்சிச்சா? காலீல நல்லாத்தானே கீந்தேன்?"

மணி மூன்றரை ஆகிவிட்டது. நண்டு வழக்கு மீண்டும் வருவதற்குள் நிறைவு விழாவுக்கு நேரமாகிவிட்டது. பேரவை வருடா வருடம் எங்கே கூடினாலும், அந்த ஊர்த் தண்ணீரில் படகேறிப் போய், அந்த வருடம் தீர்த்துவைத்த பெயர்களை உரக்கப் படிக்கும். அதற்கு நீர்வலம் என்று பெயர். எல்லோரும் மணலுக்கு வந்தோம். காற்று அப்போதே திரும்பியிருந்தது. சவுக்குத் தோப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து இரைந்தது. ஒரு படகுகூடத் தண்ணீரில் இல்லை.

நடுநிலைமைக்காக, வழக்கில் உள்ள இரண்டு மென்பொருள்களையும் கலந்தாலோசித்தே கிளம்புவது என்று ரஞ்சித்குமார் அறிவித்தார். ஆனந்தனின் நண்டுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பதால் அதன் படத்தை உயர்த்திக் காட்டினார்கள். பிறகு தலைவர் தம் போனில் எங்கள் நண்டைத் திறந்தார். காற்று எட்டு. அலை அரை மீட்டர். போகலாம்.

சல்மா ஓடிப்போய் முன்னால் நின்றாள். "சார், அது பழைய கணக்கு. நான்தான் சொல்லிகினு கீறேனே, அது கெட்டுப்போச்சு. போவாதீங்க சார்!"

"அம்மா, வழக்கு நடக்கும்போது தன் மென்பொருளைப் பற்றி ஒரு தரப்பே கருத்துச் சொல்வது நலன் முரண். புகழ்ந்தாலும் தவறு, இகழ்ந்தாலும் தவறு. விலகுங்கள்."

இரண்டு தரப்பும் கரையில் நிற்க வேண்டும் என்பது விதி. சிநேகா குறிப்பெழுத நின்றார். உறுப்பினர்கள் பன்னிரண்டு பேரும் ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு விடுதியின் இரண்டு படகுகளில் ஏறினார்கள். ஓட்டியவர்கள் ஏரியில் ஓட்டிப் பழகியவர்கள். ஆனந்தன் சல்மாவின் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "மேடம், நிஜமாவே காத்து வருதா?"

"காதுல கேக்கலையாங்க?"

முதல் அலையைத் தாண்டினார்கள். ரஞ்சித்குமார் எழுந்து நின்று காகிதத்தைப் பிரித்தார். இரண்டாவது அலை இரண்டு படகுகளையும் சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டியது. நெஞ்சளவு தண்ணீர்தான். ஆனால் எழுந்து நின்றவனை அடுத்த அலை உட்கார வைத்தது, உட்கார்ந்தவனை உருட்டியது. ஓட்டியவர்கள் எப்படியோ கரையேறிவிட்டார்கள். பன்னிரண்டு ஆரஞ்சுச் சட்டைகளும் ஒன்றோடொன்று மோதி மிதந்தன.

"முனிசாமி! முனிசாமி!" என்று சிநேகா கத்தினார்.

எட்டுப் பேரும் எழுந்து, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எந்த முனிசாமின்னு நம்பரோட சொல்லு தாயி. அப்பால மோதிக்கப் போறோம்" என்றார் மீசை முனிசாமி.

"எனக்கு ஆதரவு முடிஞ்சிபோச்சு" என்று சின்ன முனிசாமி மறுபடி மணலில் உட்கார்ந்தார்.

"நான் நிலுவைல கீறேன்" என்றார் வெறும் முனிசாமி.

எல்லம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். "டேய்!" என்றாள். அவ்வளவுதான். எட்டு முனிசாமிகளும் அட்டையோடு கடலில் பாய்ந்தார்கள். ஆளுக்கு ஒன்று, ஒன்றரை என்று தூக்கி வந்து மணலில் வரிசையாகப் போட்டார்கள். தலைவரைத் தோளில் சுமந்து வந்தவர் எழுபத்தொரு வயதுக்காரர்.

ரஞ்சித்குமார் தண்ணீரைக் கக்கிவிட்டு முதலில் சொன்னது இதுதான்: "இது... என் தனிப்பட்ட... அந்த மென்பொருள் தப்பு. அதை உடனே அவசரக் குறைபாடாகப் பதியுங்கள். வாக்கெடுப்பு."

பன்னிரண்டு ஈர விரல்களும் உயர்ந்தன. ஆனால் அட்டை இல்லாதவர் ஓட்டு செல்லாது. அட்டைகள் கடலோடு போய்விட்டன. புது அட்டை வழங்கத் தீர்மானம் வேண்டும். தீர்மானத்துக்கு ஓட்டு வேண்டும். மணலில் படுத்தபடியே அவர்கள் இதை விவாதிக்க ஆரம்பித்தார்கள். மணி ஐந்தே கால்.

சல்மா அவர்களை விட்டுவிட்டு சிநேகாவிடம் போனாள்.

"ஏம்மா, அந்தப் பூட்டைத் தொறக்கறது யாரு?"

"நான்தான்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

சிநேகா தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு கிளிக்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் எதையாவது உதைத்திருப்பேன். அங்கே உதைக்கத் தலைவர்தான் இருந்தார். சல்மா கோபப்படவில்லை. "இங்க பன்னெண்டு பேருக்கு எட்டு முனிசாமி இருந்தாங்க. நாளைக்கு அங்க யாரு இருப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

சிநேகா கடலைப் பார்த்தார். இன்னும் விவாதம் முடியாத பன்னிரண்டு பேரையும் பார்த்தார். மடிக்கணினியைத் திறந்து ஒரு தட்டுத் தட்டினார். சல்மா தன் போனிலிருந்து அந்த ஒரு வரியைக் கிடங்கில் போட்டாள்.

ஐந்து இருபதுக்கு முனிசாமிகள் கரையில் வைத்துவிட்டுப் போயிருந்த எட்டுப் போன்களும் ஒன்றாகக் கிணுகிணுத்தன. காற்று ஐம்பத்திரண்டு. அலை மூன்று மீட்டர். போகாதே.

வியாழக்கிழமை எங்கள் பக்கத்தில் ஒரு படகும் இறங்கவில்லை. காலையில் மரக்காணத்திலிருந்து யாரோ ஒருவர் போன் செய்து, "எறங்கலம்மா, வலையெல்லாம் எடுத்து வச்சிட்டோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். யாரென்று தெரியாது. சல்மா போனை மேசையில் வைத்துவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. 'நண்டு' என்ற பெயர் ஆனந்தனுக்கே. காரணமும் எழுதியிருந்தார்கள். வெளியீட்டுத் தடையை ஒரு தரப்பு மீறிவிட்டது. மறுதரப்போ, தடை வருவதற்கு முன்பிருந்தே, ஐந்து வருடமாக ஒரு வரிகூட வெளியிடாமல் முன்மாதிரியான கட்டுப்பாட்டோடு நடந்துவந்திருக்கிறது. ஆகவே கிடங்கில் நண்டின் பக்கம், அதைப் பயன்படுத்தும் போன்கள், உதவிக்கு அழைக்க வேண்டிய எண் எல்லாம் ஆனந்தனுக்கு மாற்றப்படுகின்றன. சிநேகாவின் கையெழுத்து அதில் இல்லை. அவர் வேலையை விட்டுவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

சல்மா அதை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் செத்துப்போன போன் ஒன்றைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆறாவது நாள் காலை, நான் கடையைத் திறக்கும்போதே ஆனந்தன் வாசலில் நின்றிருந்தார். பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறார். கண்ணைச் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது.

"மேடம், தினம் விடியக்காலை மூணு மணிக்கு ஆரம்பிச்சுடறாங்க. எறங்கலாமான்னு கேக்கறாங்க. கருவாடு காயப்போடலாமான்னு கேக்கறாங்க. பொண்ணுக்கு நிச்சயம் வெச்சிருக்கோம், பந்தல் நிக்குமான்னு கேக்கறாங்க. யார்னே தெரியாதவங்க. நீங்க எப்படிங்க நாலு வருஷமா..."

"கேட்டா சொல்லுவேன்" என்றாள் சல்மா.

"பெயரைத் திருப்பித் தந்துடறேன். ஆனா துறப்பு மனுவை அடுத்த வருஷக் கூட்டத்துலதான் எடுப்பாங்களாம்."

"பேரு உங்களாண்டயே இருக்கட்டும். நம்பரை மட்டும் என்னுதா மாத்திடுங்க. உள்ளார வேலைய நான் பாத்துக்கறேன்."

நான் குறுக்கே பேச வாயெடுத்தேன். துணைப் பராமரிப்பாளர் என்ற முறையில் எனக்கு உரிமை உண்டு. அவள் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். அப்போது ஆனந்தனின் போன் அடித்தது. எடுத்துச் சல்மாவிடம் நீட்டினார். அவள் கையில் திருப்புளி இருந்தது, வாங்கவில்லை. போன் விடாமல் அடித்தது. அவர் வேறு வழியில்லாமல் காதில் வைத்தார்.

"நண்டா சார்? கூவத்தூர்லேர்ந்து பேசறேன். மத்தியானமா எறங்கலாம்னு கீறோம். போலாமா?"

ஆனந்தன் திணறினார். எங்கள் கடை மேசையில் கிடந்த போனைத் திருப்பிப் பார்த்தார். அதில் நண்டு திறந்திருந்தது. "வேணாம்ணே. போவாதீங்க. மத்தியானத்துக்கு மேல காத்து அம்பது."

மறுமுனையில் அந்த ஆள், "சரி சார், நல்லா இருப்பீங்க" என்றது எனக்கே கேட்டது. ஆனந்தன் போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றார். ஐந்து வருடத்தில் அவருடைய நண்டு வெளியிட்ட முதல் வெளியீடு அதுதான்.

"நாப்பத்தெட்டு" என்றாள் சல்மா, தலையைத் தூக்காமல். "சரியா சொல்லுங்க."

"அண்ணே, வெச்சிடாதீங்க" என்றார் ஆனந்தன் அவசரமாக. "நாப்பத்தெட்டுண்ணே. நாப்பத்தெட்டு."